பராய் மரங்களால் ஒரு தட்டுக் காடு

ஒரே தட்டில் பல மரங்களை நட்டு, பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு காட்டின் துண்டாகத் தோன்றும்படி அமைப்பதை, மரங்களைச் சாடியிலும் தட்டிலும் சிற்றுருவில் வளர்க்கும் ஜப்பானியப் போன்சாய் மரபில் யோசே-உவே என்பர். இம்முறையில் உருவானவற்றுள் நெடுங்காலமாக என்னை ஈர்த்துவந்தவை பீச் (beech; பழம் தரும் பீச் அன்று) மரத் தொகுதிகளே. 1993 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட, ஜப்பானின் ஷிரகாமி மலைக்காடுகளில் நிறைந்து நிற்கும் அந்த மரத்தின் வெளிறிய சாம்பல் நிறத் தண்டுகள், இலை குறைந்த காலத்தில் பல பருமன்களில் நெருங்கியும் விலகியும் நிற்பதைத் தட்டிலும் காணலாம். ஆனால் பீச்சுக்குக் குளிர்கால உறக்கம் இன்றியமையாதது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வேறுபாடுகூட இல்லாத கொழும்பில், அந்த மரத்தை வரவழைத்து வைத்திருப்பது அதை மெல்லக் கொல்வதற்கே சமம். எனவே பீச்சின் அழகியலை எடுத்துக்கொண்டு, மரத்தை இந்நாட்டு மண்ணிலிருந்து தேர்வது என்று முடிவு செய்தேன். நான் தேர்ந்தது பராய்.

பராயைச் சில ஊர்களில் பிராய் என்றும் சொல்வார்கள். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருப்பராய்த்துறைச் சிவன் கோயிலின் தலமரம் இதுவே என்பதால், தேவாரம் படித்தவர்களுக்குப் பெயராவது பழக்கமாக இருக்கும். அத்தியும் பலாவும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. கிளையை வெட்டினால் வெள்ளைப் பால் வடியும். இலையின் இரு பக்கமும் சொரசொரப்பானவை, முற்காலத்தில் மரவேலையை மெருகிட அரத்தாளின் இடத்தில் இவ்விலையே பயன்பட்டது. தாய்லாந்தில் இதன் பட்டையிலிருந்து ஏட்டுத்தாள் செய்தார்கள். அரண்மனைத் தோட்டங்களில் இம்மரத்தையே வெட்டி உருவமைத்தும் வளர்த்தார்கள். எவ்வளவு வெட்டினாலும் பழைய மரத்திலிருந்தே புதிய மொட்டு விடுவதுதான் அதற்குக் காரணம். போன்சாய்க்கும் அந்தக் குணமே முதல் தகுதி. தண்டின் பட்டை இளமையிலேயே வெளிறிவிடுவது பீச்சை நினைத்துத் தொடங்கிய எனக்குக் கிடைத்த மேலதிக நன்மை.

வேறு மரங்களையும் எண்ணிப் பார்த்தேன். பாலை நம் வரண்ட வலயத்தின் அரசமரபு மரம் என்றே சொல்லலாம். ஆனால் அதன் வளர்ச்சி மிக மெதுவானது, ஒரு தொகுதிக்குத் தேவையான பல பருமன்களைச் சேர்ப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். ஆல், அத்தி இனங்கள் எளிதில் பிழைக்கும் என்பது உண்மை. ஆயினும் அவற்றின் தண்டுகள் ஒன்றையொன்று தொட்டால் ஒட்டிக்கொள்ளும், விழுதும் விடும்; சில ஆண்டுகளில் காடு மறைந்து ஒற்றை ஆலமரம் எஞ்சும். அதுவும் ஓர் அழகுதான், ஆனால் வேறு அழகு.

கன்றுகள் வவுனியாவில் பெரியப்பாவின் வளவிலிருந்து வந்தவை. அங்கே எல்லை வேலியில் நிற்கும் இரண்டு முதிர்ந்த பராய் மரங்களின் அடியில், பறவைகள் தின்று விதைத்த கன்றுகள் ஆண்டுதோறும் முளைத்து, வேலி வெட்டும்போது குப்பையோடு போய்விடும். காட்டிலிருந்து நான் ஒன்றும் எடுக்கவில்லை. ஒதுக்கப்பட்ட காடுகளில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, வேலியோரத்தில் இவ்வளவு கிடைக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. தெரிந்தெடுக்கும்போது அழகான கன்றுகளைத் தேடவில்லை. ஒரு பக்கம் கிளையற்றவை, சற்றே சாய்ந்தவை, நெருக்கத்தில் நெடுத்து மெலிந்தவை ஆகியனவே தொகுதிக்கு உகந்தவை. தனிமரமாக வைத்தால் குறையாகத் தெரியும் பக்கத்தை அடுத்த மரம் நிரப்பிவிடும். நான்கு பக்கமும் கிளைவிட்டுச் செழித்த கன்றைத் தொகுதியில் வைத்தால் அதன் பாதிக் கிளைகளை வெட்டவேண்டியிருக்கும், அது வீண்.

கொண்டுவந்தவுடன் தட்டில் நடுவது இயலாது. பராய்க் கன்று ஆழமான ஆணிவேர் விடும். தட்டோ 4 சென்ரிமீற்றர் ஆழமே உடையது. ஆகவே ஒவ்வொன்றின் ஆணிவேரையும் தண்டின் அடியிலிருந்து மூன்று விரற்கடை விட்டு வெட்டி, வெட்டுமுகத்தில் சிரட்டைக் கரித்தூள் பூசி, காய்கறி வடிக்கும் பிளாஸ்ரிக் கூடைகளில் பருமணல் நிரப்பி நட்டு, பக்கவேர் விரியும்வரை வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் வளரவிட்டேன். கூடையின் ஓட்டைகளில் காற்றைத் தொடும் வேர்நுனி தானே காய்ந்து, அதற்குப் பின்னாலிருந்து பல கிளைவேர்கள் தோன்றுவதால், சாதாரணச் சாடியில் வட்டமாகச் சுற்றும் வேரைவிட இது மிகவும் தட்டையான, அடர்ந்த வேர்த்தொகுதியைத் தருகிறது. இந்த இடைக்காலத்தைத் தாண்டிச் செல்ல விரும்புவோர் பலர். தட்டில் நின்ற பிறகு எல்லா மரங்களின் வேர்களும் பின்னிக்கொள்ளும். அப்போது எந்தத் தனி மரத்தின் வேரையும் திருத்த முடியாது என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தட்டு, நீள்வட்ட வடிவில் 60 சென்ரிமீற்றர் நீளமும் 38 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட சீமெந்து வார்ப்பு. சாம்பல் தண்டுகளுக்குப் பளபளக்கும் மெருகுச்சாடி பொருந்தாது என்பதால் பூச்சு ஏதும் இடவில்லை. புதுச் சீமெந்தின் காரத்தன்மை குறையும்வரை மழையில் கிடக்கவிட்டேன். அடியில் ஐந்து வடிகால் துளைகள் உள்ளன.

மண் கலவை பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் கொழும்பில் தட்டுக்காடு அழிவது பெரும்பாலும் வெயிலால் அன்று, நீரால். எந்தச் சாடியிலும் நீர் வடிந்து நின்ற பிறகு அடியில் ஒரு நனைந்த படலம் எஞ்சும்; அதன் உயரத்தைச் சாடியின் ஆழம் தீர்மானிப்பதில்லை, மண்துகளின் பருமனே தீர்மானிக்கிறது. 20 சென்ரிமீற்றர் ஆழமான சாடியில் அந்தப் படலம் அடியோடு நின்றுவிடும், வேர் மேலே மூச்சு விடும். அதே மண்ணை 4 சென்ரிமீற்றர் தட்டில் இட்டால் ஏறக்குறைய முழு மண்ணுமே அந்தப் படலத்துக்குள் அகப்பட்டுவிடும். தென்மேற்குப் பருவமழையில் நாட்கணக்கில் காயாமல் நிற்கும் தட்டில் வேர் அழுகுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. ஆகவே உடைந்த கூரை ஓடுகளையும் செங்கல்லையும் இடித்து, அரிதட்டால் அரித்து, 3 முதல் 6 மில்லிமீற்றர் வரையான துகள்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதில் ஐந்து பங்குக்கு, கழுவிய ஆற்றுப் பருமணல் இரண்டு பங்கு, உடைத்த சிரட்டைக் கரி ஒரு பங்கு, அரித்த கூட்டெரு ஒரு பங்கு. தூளை இரக்கமின்றி வீசிவிட வேண்டும். ஒரு கைப்பிடித் தூள் போதும், மற்ற எல்லாத் துகள்களின் இடைவெளியையும் அடைத்துவிடும். எங்கும் எளிதாகக் கிடைக்கும் தும்புத்தூளை நான் சேர்க்கவில்லை. உயரமான சாடிக்கு அது நல்ல பொருளாக இருக்கலாம்; இந்த ஆழத்தில், இந்த மழையில், அது ஒரு நனைந்த பஞ்சு.

நடும் காலத்தைப் பற்றி ஜப்பானிய, ஐரோப்பிய வழிகாட்டிகள் சொல்வது மொட்டு விரியுமுன், குளிர்காலத்தின் முடிவில் என்பதாகும். நமக்கு அந்த நாட்காட்டி உதவாது. கொழும்பில் மரத்துக்கு நேரம் சொல்வது மழை. சனவரி, பெப்ரவரி மாதங்களின் வரட்சிக்குப் பிறகு, மார்ச் இறுதியில் பிற்பகல் இடிமழை தொடங்கும்போது, பராயின் கிளைநுனிகளில் ஒரே நேரத்தில் இளந்தளிர் தெரியும். அப்போது வேர்வேலை, அதாவது வேரைத் திருத்தி நடும் வேலை, செய்தால், மே மாதக் கடைசியில் பருவக்காற்று வலுப்பதற்குள் புதுவேர் மண்ணைப் பற்றிக்கொள்ளும். ஒரேயொரு இடர், ஏப்ரல் முதற் கிழமையில் நண்பகற் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்பது. மொட்டைமாடியின் சீமெந்துத் தளம் கால்வைக்க முடியாமல் கொதிக்கும். அதற்கு நிழல்வலையை முன்கூட்டியே கட்டிவைத்தேன்.

இனி அமைப்பு. ஒற்றைப்படை எண்ணில் நடவேண்டும் என்பது மரபு; பத்துக்கு மேல் போனால் கண் எண்ணுவதை விட்டுவிடும், அதன்பின் எண்ணிக்கை பொருட்டன்று என்பாரும் உளர். அமெரிக்கப் போன்சாய்க் கலைஞர் ஜோன் நாக்காவின் கோஷின் என்ற புகழ்பெற்ற தொகுதியில் நிற்பவை 11 ஜூனிப்பர் மரங்கள்; ஒவ்வொன்றும் அவருடைய பேரப்பிள்ளைகளுள் ஒருவரைக் குறிப்பது. 1984 முதல் அது வாஷிங்டனிலுள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் இருக்கிறது. எனக்குக் கன்றுகளே எண்ணிக்கையைத் தீர்மானித்தன: ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபடும் பருமனில் ஒன்பதுதான் இருந்தன. தலைமை மரம் அடியில் 3.2 சென்ரிமீற்றர் பருமனும் 55 சென்ரிமீற்றர் உயரமும் உடையது, அடுத்தது 2.4 சென்ரிமீற்றர், கடைசி மரம் பென்சிலைவிடச் சற்றே மெலிந்தது. இந்த ஏற்றத்தாழ்வு இல்லாமல் காடு என்ற உணர்வு வராது. ஒரே வயதுக் கன்றுகளை ஒரே உயரத்தில் நட்டால் கிடைப்பது நாற்றுமேடை.

தட்டின் அளவில் ஓர் அட்டையை வெட்டி, அதன் மேல் ஈர்க்குகளை ஊன்றி முதலில் அமைப்பைப் பார்த்தேன். செடியின் வேர் வெளியே இருக்கும் நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. யோசனை முழுவதும் அட்டையில் முடிந்துவிட வேண்டும். தலைமை மரம் இடமிருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில், நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால். அதனோடு ஐந்து மரங்கள் சேர்ந்து பெரிய கூட்டம். மீதி மூன்றும் வலப்புறத்தில் சிறு கூட்டம். இரண்டுக்கும் இடையே முன்புறம் அகன்று பின்னால் குறுகிச் செல்லும் வெற்றிடம் ஒன்றை விட்டேன். அந்தக் குறுகல்தான் 38 சென்ரிமீற்றர் அகலத்தட்டில் தொலைவைக் காட்டுகிறது. மெலிந்த, குள்ளமான மரங்கள் பின்னால் நிற்பதும் அதே நோக்கத்துக்காகத்தான். முன்னாலிருந்து பார்க்கும்போது ஒரு தண்டு இன்னொன்றை மறைக்கக்கூடாது, எந்த மூன்று மரங்களும் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது, எந்த இரண்டு இடைவெளிகளும் சமமாக இருக்கக்கூடாது. இம்மூன்றையும் முன்னாலிருந்து மட்டுமன்றிப் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் சரிபார்க்க வேண்டும். கண்ணைத் தட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்ப்பதும் அவசியம். நின்றபடி மேலிருந்து பார்த்து நன்றாகத் தோன்றிய அமைப்பு, அமர்ந்து பார்க்கும்போது வேலிக்கம்பு வரிசையாக மாறிவிடுவதுண்டு.

நடும்போது மரங்களை நிறுத்திப் பிடிப்பது பெரிய சிக்கல். துளைகள் ஐந்தே, மரங்கள் ஒன்பது. துளைவழிக் கம்பிகள் போதா. வடிகால் துளைகளின் மேல் நைலோன் வலைத்துண்டுகளை வைத்து, அவற்றின் மேல் மூங்கிற் சிலாகைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, சிலாகைகளைத் துளைவழிக் கம்பிகளால் தட்டோடு கட்டினேன். பின்னர் ஒவ்வொரு மரத்தின் வேரையும் மெல்லிய செப்புக் கம்பியால் சிலாகையோடு கட்டினேன். கம்பி வேரில் படும் இடங்களில் பழைய சைக்கிள் ரியூப் துண்டுகளை வைத்தேன். இரண்டு மூன்று ஆண்டுகளில் மூங்கில் உக்கிவிடும். அதற்குள் வேர்கள் தம்முள் பின்னிக்கொண்டு ஒன்றையொன்று தாங்கும். நெருக்கமாக நிற்கவேண்டிய இரண்டு மரங்களை, வேர்களைக் கோத்து முன்கூட்டியே ஒரே கட்டாகக் கட்டி, அப்படியே இறக்கினேன். காட்டில் இரண்டு மரங்கள் ஏறத்தாழ ஒட்டி நிற்பதை நாம் எப்போதும் பார்க்கிறோம். தட்டில் அதைச் செய்யத் தயங்குவோரே அதிகம்.

ஓரத்து மரங்களை ஒளியைத் தேடிச் செல்பவைபோல் வெளிப்புறம் சற்றே சாய்த்தேன், நடுவிலுள்ளவற்றை நிமிர்த்தினேன். உட்புறம் நோக்கிய கிளைகள் யாவும் வெட்டுப்பட்டன. தலைமை மரத்தின் அடியில் மண்ணை மேடாக்கி, விளிம்பை நோக்கித் தாழ்த்தினேன். மூங்கிற் குச்சியால் குத்திக் குத்தி மண்ணை வேர்களுக்கிடையே இறக்கும் வேலை அலுப்பானது; ஆனால் உள்ளே வெற்றறை எஞ்சினால் அங்குள்ள வேர் காய்ந்துவிடும் என்பதால் அதில் அவசரப்படக்கூடாது. வெட்டிய இடங்களில் வடியும் பாலை ஈரத்துணியால் உடனுக்குடன் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். காய்ந்தால் வெளிறிய பட்டையில் கறை நிற்கும்.

நட்டபின் நிழல்வலையின் கீழ், காற்றுப்படாத படிக்கட்டுச் சுவரோரம் வைத்தேன். பூவாளியால் நீர், காலையிலும் மாலையிலும் இலைமேல் தூவல், அவ்வளவே. புதுத்தளிர் உறுதியாக வரும்வரை பசளை இல்லை. ஈரப்பதத்துக்காகத் தட்டின் கீழ் நீர்ப்பாத்திரம் வைக்கும் வழக்கத்தைக் கொழும்பில் கைவிட வேண்டும். இங்குள்ள காற்றுக்கு அது தேவையில்லை, தேங்கிய நீரில் பெருகும் டெங்கு நுளம்புக்கே அது உதவும். பருவமழை இறங்கியதும் தட்டின் ஒரு முனையின் கீழ் இரண்டு அங்குல மரக்கட்டையைச் செருகிச் சாய்த்துவிட்டேன். தட்டு சாய்ந்தால் நனைந்த படலம் தாழ்ந்த மூலைக்கு ஒதுங்கி, உபரி நீர் அங்குள்ள துளையால் வெளியேறும். கலவையைப் பற்றி மேலே சொன்ன அத்தனைக்கும் நிகரான பயன் தரும் இந்தச் செலவில்லாத உபாயத்தை நான் எவருக்கும் பரிந்துரைப்பேன். கடற்காற்று வலுக்கும் நாட்களில் மட்டும் மாலையில் இலைகளை நன்னீரால் கழுவ வேண்டியிருக்கிறது. சொரசொரப்பான இலையில் உப்பும் தூசியும் எளிதில் தங்கும்.

கிளைகளை வடிவமைக்கக் கம்பியைக் குறைவாகவே பயன்படுத்தினேன். இந்த வெப்பத்தில் தண்டு தடிக்கும் வேகத்துக்குச் சில கிழமைகளிலேயே கம்பி பட்டையில் பதிந்துவிடும், வெளிறிய பட்டையில் அந்தச் சுருள்தழும்பு பல ஆண்டுகள் நிற்கும். சீனாவின் தென்பகுதியான குவாங்டொங்கில் லிங்னான் மரபினர் வளர்த்தெடுத்த வெட்டி வளர்க்கும் முறை நமது காலநிலைக்கு நன்கு பொருந்துகிறது. தளிரை ஆறு எட்டு இலைவரை ஓடவிட்டு, இரண்டு இலை விட்டு வெட்டினால், கடைசி இலை எந்தத் திசையை நோக்கியதோ அந்தத் திசையிலேயே அடுத்த கிளை புறப்படும். பராயின் இலைகள் மாறிமாறி அமைந்திருப்பதால் திசையைத் தேர்வது எளிது. ஒவ்வொரு வெட்டிலும் கிளை ஒரு சிறு கோணம் திரும்புகிறது. உச்சியைக் கடுமையாகவும் கீழ்க்கிளைகளை மென்மையாகவும் வெட்டுகிறேன். இல்லையேல் தலைமை மரத்தின் முடி ஒளியையெல்லாம் எடுத்துக்கொண்டு, பின்னால் நிற்கும் மெலிந்த மரங்கள் நிழலில் மடியும். ஒன்பது முடிகளும் சேர்ந்து ஒற்றை மரத்தின் முடிபோல் ஒரே சாய்கோட்டில் முடியவேண்டும் என்பதையே இலக்காக வைத்திருக்கிறேன். தளிர்நுனிகளில் மாவுப்பூச்சி வருவதுண்டு. எறும்பு ஏறத் தொடங்கினால் அதுவே முதல் அறிகுறி, வேப்பெண்ணெயும் சவர்க்கார நீரும் போதும்.

பீச்சில் குளிர்காலம் தானே காட்டித்தரும் தண்டுகளை இங்கே நாமே வரவழைக்க வேண்டியிருக்கிறது. வேர்வேலை செய்த ஆண்டைத் தவிர்த்து, அடுத்த மார்ச்சில், மரங்கள் யாவும் வலுவாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, இலைக்காம்பை விட்டு இலையை மட்டும் கத்தரித்து முழுத் தொகுதியையும் வெறுமையாக்கினேன். மிக மெலிந்த இரண்டு மரங்களில் மட்டும் பாதி இலைகளை விட்டுவைத்தேன். புதிய இலைகள் சிறிதாக வந்தன. அதைவிடப் பெரிய பயன், இலைகள் மறைத்திருந்த பிழைகள் தெரிந்தது. தலைமை மரத்துக்கும் அதன் வலப்பக்க மரத்துக்கும் இடையே இரண்டு கிளைகள் ஒரே உயரத்தில் குறுக்கிட்டிருந்தன, ஒன்றை நீக்கினேன். ஈரக்காற்றில் தண்டுகளில் படர்ந்திருந்த பச்சைப் பாசியை மென்மையான பல்துலக்கியாலும் நீராலும் தேய்த்தெடுத்தபோது சாம்பல் வெண்மை மீண்டும் வெளிப்பட்டது. மதிற்சுவரில் வளரும் பாசியை மண்மேல் திட்டுத்திட்டாகப் பதித்திருக்கிறேன், முழுவதும் மூடவில்லை. மூடினால் மண் காய்ந்ததா ஈரமா என்று கண்ணால் அறிய முடியாது.

அடுத்த வேர்வேலையில் தொகுதியைப் பிரிக்கப்போவதில்லை. முழுவதையும் ஒரே பலகையாகத் தூக்கி, ஓரவேரைச் சுற்றிவர இரண்டு சென்ரிமீற்றர் வெட்டி, தலைமை மரத்தின் பின்னால் ஆப்பு வடிவில் ஒரு துண்டு மண்ணை எடுத்துப் புதுக்கலவை நிரப்புவதே திட்டம். வலப்புறச் சிறு கூட்டத்தின் பின்மரம் மட்டும் வேகமாகத் தடித்து வருகிறது. அது தன் முன்மரத்தின் பருமனை எட்டினால் தொலைவு கெட்டுவிடும். அதை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வைப்பதற்கு, கூடையில் இன்னும் இரண்டு கன்றுகள் வளர்கின்றன.